பாவாடை நாடாத் தழும்பு

என் பெயர் ஆரோக்கியமேரி. காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து இந்தப் பெயரை வைத்து என்னைக் கேலி செய்யாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. "ஆரோக்கியத்துக்கே ஆஸ்பத்திரியா?" என்று ரேஷன் கடை வரிசையில் கேட்டார்கள், மாதா கோயில் வாசலில் கேட்டார்கள். போதாக்குறைக்கு நான் பார்க்கிற வேலையும் அப்படி. வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருகிற சுகாதாரத் தன்னார்வலர் நான். பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில், ஒரு பக்கம் தென்னையும் ஒரு பக்கம் நெல்லுமாக இருக்கும் எங்கள் ஊரில் என் நீலப் பையைக் கண்டால் நாய்கூடக் குரைக்காது. ஊரில் எல்லார் உடம்பும் எனக்கு அத்துபடி என்று ஒரு நினைப்பு இருந்தது. கடைசியில் என் உடம்பில் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

எப்படி வந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் வெட்கத்தை விட்டுத்தான் எழுத வேண்டும். வெட்கப்பட்டதால்தான் இரண்டு உயிர் போகப் பார்த்தது.

இரண்டாவது உயிர் லூர்து. என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரர் சவரிமுத்துவின் தம்பி மனைவி. தம்பிக்கு சிங்கப்பூரில் வேலை. மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மாடு அவளுடையது, ஆடு என்னுடையது, புல் அறுக்கப் போவது மட்டும் சேர்ந்து. மழை விட்டு சம்பா பயிர் பச்சை கட்டியிருந்த சமயம் அது. வாய்க்கால் கரையில் புல் இடுப்பு உயரம் நின்றது. இருவரும் வெயில் ஏறும்வரை அறுத்தோம். கட்டைக் கட்டி வைத்துவிட்டு அந்தப் புல்லிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, கொண்டுபோன நீராகாரத்தைக் குடித்துவிட்டு ஊர்க்கதை பேசினோம்.

ஒரு வாரம் கழிந்து எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி தலைவலி. பை நிறைய மாத்திரை வைத்திருக்கிறவள் ஆயிற்றே, காய்ச்சல் மாத்திரையை நானே விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஊருக்குத்தான் உபதேசம். பிறகு பட்டுக்கோட்டையில் ஒரு கிளினிக்கில் டிரிப் ஏற்றினார்கள். டெங்கு பார்த்தார்கள், இல்லை. ஆனால் தட்டணு குறைந்துகொண்டே போனது. தட்டணு என்பது காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்கிற சின்னஞ்சிறு அணுக்கள். அது குறைந்தால் உள்ளேயே ரத்தம் கசியலாம். கூடவே இருமலும் மூச்சிரைப்பும் வந்ததும், "இனி இங்க வச்சிருக்கக் கூடாது, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

பெண்கள் வார்டில் இடம் கிடைத்தது. ஆண்கள் கூடத் தங்கக் கூடாது என்பதால் லூர்துதான் துணைக்கு வந்தாள். என் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டாள். சவரி வராந்தா பெஞ்சில் குடியிருந்தார்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். லூர்துவுக்கு சவரி மூத்தார், கணவனின் அண்ணன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவர் எதிரில் நிற்க மாட்டாள், நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேச மாட்டாள். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை, அது ஒரு மரியாதை. மோட்டார் ஓடவில்லை என்றால், அவர் பக்கத்தில் நிற்கும்போதே என்னைப் பார்த்து, "அக்கா, மோட்டார் ஓடலன்னு சொல்லுங்க" என்பாள். அவரும் என்னைப் பார்த்தே, "மெக்கானிக்க வரச் சொல்லிருக்கேன்னு சொல்லு" என்பார். நான் அவர்களுக்கு நடுவில் தபால்காரி. இப்போது தபால்காரி படுத்துவிட்டாள். என்ன செய்தார்கள் தெரியுமா? சவரி கஞ்சித் தூக்கை பெஞ்சில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். லூர்து வந்து எடுத்துக்கொண்டு, கழுவின பாத்திரத்தை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்தது.

படுத்துக் கிடக்கிற ஆளுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. எனக்கோ எதையும் கேட்காமல் இருக்க முடியாது. விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது காட்டும். ஊசியே போடாமல் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். சிவப்பு வெளிச்சம் விரலுக்குள் போய் வருவதை வைத்துக் கணக்குப் பார்க்கிறதாம். மலேரியாவுக்கு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்தார்கள். எலிக்காய்ச்சலுக்கு ஒரு குழாய் ரத்தம் போனது. கல்லீரலுக்கு, கிட்னிக்கு, நெஞ்சுக்கு எக்ஸ்ரே. பக்கத்துக் கட்டிலில் நாகூரிலிருந்து வந்திருந்த ஜொகரா அக்கா, ஆஸ்துமாக்காரர், "ஏம்மா, நீ நோயாளியா, பரிச்சை எழுத வந்தவளா?" என்று கேட்டுவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

எங்கள் வார்டைப் பார்த்த டாக்டர் ஒரு சின்னப் பெண். ரவுண்ட்ஸ் வரும்போது படிக்கிற பையன்களும் பெண்களும் கூட்டமாகப் பின்னால் வருவார்கள். வந்த முதல் நாளே கேட்டார்:

"புல்லு, வயல்னு எங்கயாவது போனீங்களாம்மா?"

"போகாத நாளு எது டாக்டர்?"

"உடம்புல எங்கயாவது கறுப்பா பொருக்குத் தட்டின புண்ணு இருக்கா? இடுப்பு, கக்கம், தொடை இடுக்கு? திரை போட்டுப் பாத்துடலாமா?"

பையன்களைப் பார்த்தேன். "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமே இல்ல டாக்டர்," என்றேன்.

பொய் சொல்லவில்லை. சேலை கட்டுகிற எந்தப் பெண்ணும் இந்த இடத்தில் என்னைப் புரிந்துகொள்வாள். வயசுக்கு வந்த நாள் முதல் உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் விழுந்திருக்கும். வேர்வையில் அது அடிக்கடி புண்ணாகும், பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடியும் வரும். அதை யாரும் புண் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. மூக்குத்தி ஓட்டையைக் காட்டி இது காயமா என்று யாராவது கேட்பார்களா?

அடுத்தடுத்த நாட்கள் மோசமாகப் போயின. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். டாக்டர்கள் என் கட்டிலருகில் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். மெதுவாகப் பேசினால் விஷயம் பெரிசு என்று எனக்குத் தெரியாதா? பயந்தேன். நன்றாகவே பயந்தேன். செத்தால் சவரிக்கு டீ போடக்கூடத் தெரியாதே என்று பைத்தியக்காரத்தனமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில் பயம் இல்லை. ஆனால் பட்டுக்கோட்டையில் டிரிப்புக்கும் டெஸ்டுக்கும் போனதில் அவர் உரத்துக்கு வைத்திருந்த பணம் கரைந்துவிட்டது. அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

லூர்து வெந்நீரில் துண்டை நனைத்து எனக்கு உடம்பு துடைத்துவிடுவாள். ஜொகரா அக்கா சேலையைத் திரையாகப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் துடைக்கும்போது லூர்து சொன்னாள்:

"நாடாப் புண்ணு காயவே இல்லையேக்கா. எண்ணெ வைக்கட்டா?"

"வையி."

அவள் விரல் பட்டபோது சூடாக இருந்தது. "ஏன்டி கை கொதிக்குது?" என்றேன். "வெந்நியில நனைச்ச கை, கொதிக்காம குளிருமா?" என்றாள். அன்று மத்தியானமே, "மாடு சரியா கறக்கலன்னு பால்காரரு சொன்னாருக்கா, ஒரு எட்டுப் போயி பாத்துட்டு ஓடியாந்துடுறேன்" என்று கிளம்பினாள். முகம் வீங்கினாற்போல் இருந்தது. தூக்கமில்லாத முகம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் துணையாக வந்திருந்த ஜொகரா அக்காவின் மகளிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போனாள். வயலில் மழைத் தண்ணீர் வடிக்க வேண்டும் என்று சவரியும் அன்று சாயங்காலம் ஊருக்குப் போனார்.

மறுநாள் லூர்து இல்லாமல் படுத்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து நைட்டிதான் போட்டிருக்கிறேன். நாடாவே கட்டவில்லை. நாடா கட்டாவிட்டால் நாடாப் புண் இரண்டு நாளில் காய்ந்துவிடும். இது ஏன் காயவில்லை? இன்னொன்று, நாடாப் புண் எரியும். வெந்நீர்த் துண்டு பட்டால் உயிர் போகும். லூர்து அழுத்தித் துடைத்தாளே, எண்ணெய் வைத்தாளே, எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே? வலிக்காத புண் என்ன புண்? நைட்டிக்குள் கையை விட்டுத் தடவினேன். வளையத்தின் மேல், வலது பக்கம், பொத்தான் அளவுக்கு ஒரு பொருக்கு. விரலால் சுரண்டினேன். அப்போதும் வலிக்கவில்லை.

நர்ஸைக் கூப்பிட்டு, "சின்ன டாக்டர வரச் சொல்லுங்க. தனியா" என்றேன்.

டாக்டர் திரையை இழுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு, பீடி நெருப்பால் சுட்ட மாதிரி. அவர் முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்தேன். என் புண்ணைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

"ஆரோக்கியம்மா, இதத்தான் நான் அன்னிக்குக் கேட்டேன்!"

"நீங்க புண்ணுன்னு கேட்டீங்க டாக்டர். இது நாடாத் தழும்புன்னு இருந்துட்டேன்."

அவர் டார்ச்சை அணைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "எனக்கும் இருக்கு," என்றார்.

உண்ணிக் காய்ச்சல். புல்லிலும் புதரிலும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சிக்குஞ்சு இருக்குமாம். நாம் உட்காரும்போது உடம்பில் ஏறி, மேலே மேலே ஊர்ந்து போகுமாம். துணி இறுக்கிப் பிடிக்கிற இடம் வந்ததும், வேலியில் முட்டின ஆடு மாதிரி அங்கேயே நின்று கடிக்குமாம். கடித்ததும் தெரியாது, அரிக்கவும் அரிக்காது. கிருமி மட்டும் ரத்தத்துக்குள் போய்விடும். ரத்தப் பரிசோதனை முடிவு வர நாளாகும், இந்தப் பொருக்கைப் பார்த்துவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை என்று சொல்லி, உடனே மருந்தை ஆரம்பித்தார். மருந்தின் பெயரைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெட்டி பெட்டியாக இருக்கிற மாத்திரை அது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

டாக்டர் போனதும் வார்டே அல்லோலகல்லோலம். ஜொகரா அக்கா முதல் ஆளாகத் திரைக்குப் பின்னால் போய் இடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். "எனக்கு வெறும் தழும்புதான், அல்லா காப்பாத்தினான்." அப்புறம் ஒவ்வொரு கட்டிலாகப் போர்வை உயர்ந்தது. ஒரத்தநாட்டுக்காரம்மா ஒருத்தி, "எனக்கு ரெண்டு வளையம் இருக்கே, மாசமா இருந்தப்ப ஏத்திக் கட்டினது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இருந்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டேன்.

அதே புல். அதே நாள். என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தவள் லூர்து. அந்தக் கொதிக்கிற கை.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சவரிக்குப் போட்டேன்.

"என்னங்க, லூர்து எங்க?"

"காலையிலேர்ந்து கதவு சாத்தியிருக்கு. மாடு கத்திக்கிட்டே கெடக்குது. நான் எப்புடிப் போயி..."

"கதவத் தள்ளிட்டு உள்ள போங்க."

"நானா?"

"நீங்கதான். போங்க!"

கதவு கிறீச்சிட்ட சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் மாறியிருந்தது. "படுத்துருக்கு, மேரி. மூச்சு எரைக்குது."

திரும்பி வந்திருந்த டாக்டர் கட்டில் பக்கத்திலேயே நின்றார். "புண்ணு எல்லாருக்கும் இருக்காது. இருந்தாலும் இல்லாட்டியும் உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார். எனக்கு லூர்துவைத் தெரியும். பிரசவத்துக்கே கடைசி நிமிஷத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனவள். சும்மா வா என்றால் வர மாட்டாள்.

"ஸ்பீக்கர்ல போட்டு அது தலைமாட்டுல வச்சுட்டு நீங்க வாசலுக்குப் போயிடுங்க," என்றேன்.

"அக்கா..." என்றாள் லூர்து. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சளிக் காய்ச்சல்தான்க்கா. நாளைக்கு வந்துடுறேன்."

"வாய மூடு. நாடாவ அவிழ்த்துப் பாரு. பொருக்கு இருக்கான்னு பாரு."

"மூத்தாரு வாசல்ல நிக்கிறாருக்கா."

"நிக்கட்டும். அவரு மாட்டப் பாத்துக்கிட்டு நிப்பாரு. நீ பாருடி!"

நேரம் போனது. "நாடாகிட்ட ஒண்ணுமில்லக்கா."

"கக்கத்துல பாரு. மாருக்குக் கீழ தூக்கிப் பாரு." வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் கத்தினேன். அந்தப் பக்கம் சவரிக்கும் கேட்டிருக்கும், தெருவுக்கும் கேட்டிருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. மாடு கத்துகிற சத்தம் மட்டும் வந்தது.

"இருக்குக்கா. எடது மாருக்குக் கீழ. சுட்ட மாதிரி கறுப்பா."

"வலிக்குதா?"

"இல்ல."

வலிக்கவில்லை என்று ஒருத்தி சொன்னதற்கு நான் அழுதேன்.

நூற்றியெட்டு வண்டியில் வந்தாள். என்னைவிட அவளுக்குத்தான் முற்றியிருந்தது. நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். சிறுநீர் குறைந்துவிட்டது, கிட்னியைக் கவனிக்க வேண்டும் என்றார்கள். எனக்கு மருந்து வேலை செய்து, உடம்பெல்லாம் வேர்த்துக் காய்ச்சல் இறங்கியிருந்தது. சக்கர நாற்காலியில் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் உட்காருவேன். சவரி பெஞ்சின் மறு ஓரத்தில் இருப்பார். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அவர் எழுந்து நிற்பார். பிறகு நாமல்ல போக வேண்டியது என்று நினைவு வந்ததுபோல் உட்காருவார். சிங்கப்பூரிலிருந்து தம்பி போன் மேல் போன். "அண்ணே, என்ன சொல்றாங்க?" இவருக்குச் சொல்லத் தெரியாது. "மேரி சொல்லுவா" என்று என்னிடம் நீட்டிவிடுவார்.

எனக்குத் தெரியாமல் அவள் காய்ச்சலோடு என் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்திருக்கிறாள். தானும் படுத்தால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் மறைத்திருக்கிறாள். அதை நினைக்கிறபோதெல்லாம் அவளை நாலு அறை அறையலாம் போலவும், காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலவும் இருந்தது.

மெல்ல மெல்லத்தான் தேறினாள். சிறுநீர் நன்றாகப் போக ஆரம்பித்த அன்று, அந்தச் செய்தியை வராந்தாவில் நான் சத்தமாகச் சொல்ல, சவரி சிலுவை போட்டுக்கொண்டார். ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றினதும் லூர்து கேட்ட முதல் கேள்வி: "மாட்டக் கறந்தது யாரு?"

"அவருதான். அன்னிக்கு வண்டி வர்றதுக்குள்ள. பாதிப் பால் பாத்திரத்துல, பாதி மண்ணுல. கடைசியில உதையும் வாங்கிட்டாரு."

கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். "ஒதபட்ட எடத்துல எண்ணெ போடச் சொல்லுங்கக்கா," என்றாள். சொன்னேன்.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறினதும், ஊர் நர்ஸைக் கேட்டுக்கொண்டு பால் சொசைட்டிக் கட்டடத்தில் பெண்களை மட்டும் கூட்டினேன். புல் அறுத்துவிட்டு வந்தால் குளியுங்கள், கட்டின துணியை வெந்நீரில் போடுங்கள், புல்லில் உட்காராதீர்கள், காய்ச்சல் வந்தால் நாடாவை அவிழ்த்துப் பாருங்கள், பொருக்கு இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். லூர்து எழுந்து, தான் எந்த இடத்தில் பார்த்தாள், யார் வாசலில் நிற்கும்போது பார்த்தாள் என்று சொன்னாள். அப்புறம் சிரிப்பு நின்றது. இப்போது என் பையில் பிரஷர் மெஷினோடு ஒரு டார்ச்சும் இருக்கிறது.

போன வாரம், அறுவடை முடிந்து வைக்கோல் கட்டிவிட்டு வந்த சவரிக்கு உடம்பு சுட்டது. உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். நடுச் சுவருக்கு அந்தப் பக்கம் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த லூர்து எழுந்து நின்று, எட்டிப் பார்க்காமல் குரலை மட்டும் அனுப்பினாள்.

"அக்கா, அரணாக்கயிறு கிட்ட பாத்தாங்களான்னு கேளுங்க."

வழக்கம்போல் தபாலைக் கொண்டுபோக வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்தது, என்னைத் தாண்டி, சுவரைத் தாண்டி.

"பாத்துட்டேம்மா. அங்க ஒண்ணுமில்ல."

ஏதோ ஒரு பாத்திரம் நழுவி விழுந்தது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, தயங்கி, ஆனால் தெளிவாக:

"கக்கத்துலயும் பாருங்க."

சவரி எழுந்து உட்கார்ந்து சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்கினார். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன்.